ஹோல்டில் இருந்த குரல்

குரல் நிரலை நிறுவச் சொன்னால், அதற்கு வேண்டிய லைப்ரரி என்ற துணை நிரல் இல்லை என்றது கணினி. லைப்ரரி இருந்தது, ஆனால் புதிய பதிப்பு. பழையதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தது நிரல். பழையதைக் கொடு என்று சர்வரைக் கேட்டால், அதை எப்போதோ தூக்கிவிட்டோம் என்று பதில். காலையிலிருந்து மகள் இந்த மூன்றுக்கும் நடுவில் செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பின்னால் கட்டிலில் அப்பா. புற்றுநோய்க்காகக் குரல்வளையையே எடுத்தும், அது நுரையீரலுக்கு இறங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியில் அம்மா. சர்க்கரை நோய் அவளுடைய இரண்டு கண்களையும் தின்று முடித்திருந்தது. பேச முடியாதவர் எழுதிக் காட்டினால் பார்க்க முடியாதவளுக்கு என்ன பயன்? அதனால்தான் மகளின் தம்பி, ஆபரேஷனுக்கு முன்பே அப்பாவின் குரலைப் பதிந்துவைத்து, அவர் தட்டச்சு செய்வதை அதே குரலில் பேசும் நிரலை உருவாக்கினான். அம்மா அடிக்கடி கேட்கும் கேள்விக்கு மட்டும் தனியாக ஒரு விசை. அதை அமுக்கினால் “இருக்கேன்” என்று வரும். போன வருடம் தம்பி லாரியில் அடிபட்டுச் செத்தான். அவன் செய்துவைத்த குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கணினியில் ஓடும் லினக்ஸில் ஒரு பேக்கேஜ், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த நிரல், தனியாக வராது. தனக்கு வேண்டிய லைப்ரரிகளைக் கூட்டிக்கொண்டுதான் படியேறும். சில சமயம், இன்னார் இருக்கும் வீட்டில் நான் இருக்க மாட்டேன் என்று ஒன்று வெளியேறிவிடும். அப்படி நடக்கக் கூடாது என்றுதான் தம்பி குரல் நிரல், அதன் லைப்ரரி என்ற இரண்டு பேக்கேஜ்களை ஹோல்டில் போட்டிருந்தான்: யாரும் இவற்றை அப்டேட் செய்யாதீர்கள் என்று பொருள்.

மகளுக்கு அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பழைய பதிப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. நேற்று வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்ததும் வராததுமாக ஹோல்டை நீக்கி, எல்லாவற்றையும் அப்டேட் செய்தாள். நீக்கப்படப்போகும் பேக்கேஜ்களின் பட்டியலில் குரல் நிரலும் இருந்தது. படிக்காமலே ‘ஆம்’ என்று தட்டினாள்.

“என்னங்க, இருக்கீங்களா?” என்றாள் அம்மா.

அப்பா மெத்தையைத் தட்டினார்.

“யாரு தட்டுறது? நீயாடி?”

“அப்பாதாம்மா. அவர் எழுதுறதை நான் படிக்கிறேனே.”

“நீ படிச்சா உன் குரல்தானே வருது. பெரிய ஆபீஸ், பெரிய வேலைன்னு பேரு! இந்த வீட்டுல மிச்சமிருந்த ஒரு வாயையும் அடைச்சுட்ட.”

அப்பா விசைப்பலகையை இழுத்து எழுதினார். மகள் படித்தாள்: “கல்யாணம் ஆனதுலேர்ந்தே எனக்கு வாய் இல்லைன்னு சொல்லு.” அம்மாவின் முகம் அசையவில்லை. அவர் இன்னொரு வரியைத் தொடங்கினார். மகள் பார்ப்பதைக் கண்டதும் எழுத்தெழுத்தாக அழித்தார்.

நாளை முதல் வலி மருந்தைக் கூட்டப்போவதாக நர்ஸ் சொல்லியிருந்தாள். அதன்பின் அப்பாவுக்கு விழிப்பு இருக்காது. அவர் அம்மாவிடம் சொல்ல நினைப்பதை இன்றைக்குத்தான் சொல்ல முடியும்.

தம்பி உருவாக்கிய நிரலின் கோப்பு அவனுடைய ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது. பழைய லைப்ரரிதான் இல்லை. எந்த சர்வரிலும் இல்லை. அப்போதுதான் உறைத்தது: இறக்கிய பேக்கேஜ்களைக் கணினி கேஷ் என்ற தன் தற்காலிகக் கிடங்கில் வைத்திருக்குமே! அப்டேட் முடிந்ததும் அதைத் துடைத்துவிடுவது அவள் பழக்கம். நேற்று துடைத்தோமா? இல்லை. துடைக்கப் போன நேரத்தில்தான் அம்மா “என்னங்க, இருக்கீங்களா?” என்று கேட்டாள். பதில் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

கேஷைத் திறந்தாள். தம்பி என்றோ இறக்கிய பழைய லைப்ரரி அங்கே கிடந்தது.

அதையும் குரல் நிரலின் கோப்பையும் ஒரே கட்டளையில் சேர்த்துக் கொடுத்தாள். தனித்தனியாகக் கொடுத்தால் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்து நின்றுவிடும். புதிய பதிப்பை நம்பியிருக்கும் பிரவுசரும் படங்களைக் காட்டும் நிரலும் போய்விடும் என்று எச்சரித்தது கணினி. இந்த முறை பட்டியலை வரிவரியாகப் படித்தாள். போகட்டும் என்று ‘ஆம்’ தட்டினாள். இரண்டையும் மறுபடி ஹோல்டில் போட்டாள். இனி எந்த அப்டேட்டும் வராதபடி இணையக் கம்பியைப் பிடுங்கினாள். திரையை அப்பாவின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

“என்னங்க, இருக்கீங்களா?”

கம்பி இன்னும் அவள் கையில் இருந்தது. உள்ளே, கொஞ்சம் தாமதித்து, “இருக்கேன்” என்றது அப்பாவின் குரல். பிறகு விசைகளை ஒவ்வொன்றாகத் தேடித்தேடி அமுக்கும் சத்தம்.