கைரேகை தெரியும் வெளிச்சம்

விடிவதற்கு முன்பே மலை அடிவாங்கத் தொடங்கிவிடும். டொக், டொக், டொக், சர்ர்ர். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தி ஆவாரங்கழியின் மேல் விழும். பட்டை தளர்ந்ததும் கைகள் அதன் நுனியைப் பற்றி ஒரே இழுப்பாக உரித்தெடுக்கும். அடிக்க ஒருவர், கழியைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க ஒருவர். அநேகமாகப் புருஷன் அடிப்பான், பெண்டாட்டி பிடிப்பாள். பனி ஈரம் இருக்கும்வரைதான் பட்டை சொன்ன பேச்சைக் கேட்கும். வெயில் ஏறிவிட்டால் கட்டையோடு ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். அதன் துவர்ப்பு மூக்கில் ஏறி நாக்கில் இறங்கி, குடிக்கிற கூழையும் துவர்ப்பாக்கும். கையில் ஏறிய பழுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. அந்த ஜனங்கள் செத்தால் சிதைப் புகைகூடப் பழுப்பாகத்தான் வரும் என்று நான் சொன்னால், கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். கொஞ்சம்தான் கூட்டியிருக்கிறேன்.

நயா பைசா வந்த புதிதில் நடந்த கதை இது. ஜவ்வாது மலையின் கீழ்ச் சரிவில், சந்தவாசலுக்கு மேலே, ஒரு பட்டைக் கொட்டகை இருந்தது. அங்கிருந்து வாணியம்பாடித் தோல் ஷாப்புகளுக்குத் தோல் பதனிடப் பட்டை ஏற்றிப்போகும் லாரிக்கு நான்தான் டிரைவர். அப்துல் கய்யூம் என்று வாப்பா ஆசையாக வைத்த பெயர் மலையேறும்போது வழியில் எங்கேயோ விழுந்துவிடும். மேலே போய்ச் சேருகையில் நான் வெறும் 'பாய்'.

மேலிருந்து இறங்கி வந்து உழைத்த அந்தக் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விடியும் நேரம் உள்ளங்கையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். ரேகை தெரிந்தால் வேலைக்குக் கிளம்புவார்கள். தெரியாவிட்டால் திரும்பிப் படுப்பார்கள். சாவி கொடுக்கத் தேவையில்லாத கடிகாரம்.

குத்தகைக்காரர் சக்கரவர்த்திக்கு அந்தக் கடிகாரம் பிடிக்கவில்லை. காலி மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கொட்டகை வாசலில் தொங்கவிட்டு, மேஸ்திரி பழனியிடம் ஓர் இரும்புக் கம்பியைக் கொடுத்தார். அடித்தால் எழ வேண்டும், அவ்வளவுதான் சட்டம். முதலில் கோழி கூவும்போது அடித்தார்கள். அப்புறம் கோழிக்கு முன்னால். பிறகு, கோழி முட்டையாக இருக்கும்போதே அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுற்று வட்டாரத்துச் சேவல்கள் எல்லாம் தொழில் போய்விட்டதே என்று மேற்கே குடிபெயர்ந்ததாகக் கேள்வி. கூலி மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வெயில் ஏறியதும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடிப்பார்கள். அப்போது அவரவர் கண்ட கனவைச் சொல்ல வேண்டும். கனவில் தின்றவன் மற்றவர்களுக்குப் பங்கு தர வேண்டும் என்பது விதி. எப்படித் தருவது? வாயால்தான். தங்கவேல் என்ற இளவட்டம் ஒரு தடவை கனவில் காட்டுப்பன்றி அடித்துவிட்டு, தொடைக்கறியை மட்டும் மறைக்கப் பார்த்தான்.

"தொட எங்கடா?" என்றாள் மங்கம்மாள். கொட்டகையில் மூத்தவள் அவள். நாக்கு மட்டும் கிழமாகவில்லை.

"அது... நரி தூக்கினு பூட்ச்சி, அத்த."

"உன் கனவுல நரி இன்னாத்துக்குடா வந்துச்சி? நீ கூப்ட்டியா?"

அந்தச் சிரிப்பில் கூழ்க் கலயம் உருளும். ஆனால் தகரம் அடிக்கும் நேரம் முன்னே போகப் போகக் கனவு சுருங்கிப் போயிற்று. பன்றி போயிற்று, கல்யாணம் போயிற்று, செத்துப்போன அம்மாக்கள் வந்து தலை வாரிவிடுவதும் போயிற்று. கடைசியில் எல்லோருக்கும் ஒரே கனவு: தகரம் அடிக்கிறது. அடிக்காத தகரத்துக்குப் பாதி ஜனம் எழுந்து நின்றது. ஒருநாள் கருப்பனுக்குக் கனவில் தகரம் கேட்டு, அவன் எழுப்பிவிட, மொத்தக் கொட்டகையும் கிளம்பிப் போய்க் கழியை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. விடியவே இல்லையாம். சூரியன் செத்துப்போய்விட்டது என்று மங்கம்மாள் ஒப்பாரிக்குத் தொண்டையைச் செருமும் நேரத்தில், பழனி நிஜமான தகரத்தை அடித்திருக்கிறான்.

"நான் ஒண்ணும் அடிக்கச் சொல்லலியே. அவங்களா செஞ்சாங்க, அவங்க ஆசை" என்று சக்கரவர்த்தி என்னிடம் சொன்னார். சொல்லும்போது அந்த இலவசப் பட்டை என் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.

கருப்பனின் பெண்டாட்டி அம்சவல்லி. அவன் அடிப்பான், அவள் பிடிப்பாள். கல்யாணமானதிலிருந்து அவள் விரலில் ஒரு தடவைகூட அடி விழுந்ததில்லை என்று ஊரே பெருமை பேசும். ஒரு விடியலில், இருட்டு இன்னும் கெட்டியாக இருந்தபோது, கருப்பன் கையை ஓங்கினான். ஓங்கிய கை இறங்குவதற்குள் தூங்கிவிட்டான். இங்கே நான் எதையும் கூட்டவில்லை. கொட்டாப்புளி அவள் இடது கை விரல்களின் மேல் இறங்கியது. அவள் கத்திய கத்தலில்தான் அவனுக்கு முழிப்பு வந்தது.

லாரியில் போட்டுக்கொண்டு கலசப்பாக்கத்துக்கு ஓட்டினேன். வைத்தியர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். கட்டிக்கொண்டே கருப்பனின் கண்ணைப் பார்த்தார். கோவைப்பழம் தோற்றது.

"இவன் தூங்கி எவ்ளோ நாளாச்சு?"

"அதுக்கு மாத்திர கீதா சாமி?" என்றாள் அம்சவல்லி.

"தூங்க மாத்திரை இருக்கும்மா. தகரம் அடிக்கும்போது எழுந்திருக்காம இருக்கத்தான் மாத்திரை இல்லை."

அன்றிலிருந்து கருப்பன் கண்ணையே மூடவில்லை. மூடினால் கை ஓங்குகிறது, விரல் தெரிகிறது, இறங்குகிறது. திடுக்கிட்டு எழுந்து பெண்டாட்டியின் மற்ற கையைத் தடவிப் பார்த்துக்கொள்வான். உட்கார்ந்திருக்கும்போதே அவன் வலது கை தானாக மேலே போகும், கீழே வரும். இடது கையால் அதைப் பிடித்து அமுக்கி வைப்பான். பிடித்த கையும் சேர்ந்து ஆடும். நான் பீடி பற்றவைத்துக் கொடுத்தேன். அதை அவன் கையால் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

"பாய்," என்றான், "தூக்கம்ன்றது எப்பிடி இருக்கும்? மறந்து பூட்ச்சி."

பீடியை நானே அவன் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த முறை நான் சுமை ஏற்றப் போனபோது சக்கரவர்த்தியும் என் லாரியிலேயே வந்தார். கூழ் வட்டத்துக்கு நடுவில் போய் நின்றார்.

"கருப்பா, நாளைக்கி மூட்ட கட்டு. பைத்தியத்த வச்சினு நான் குத்தக நடத்த முடியாது. குடிசையக் காலி பண்ணு."

"பைத்தியம் இல்ல மொதலாளி," என்றாள் அம்சவல்லி. "தூக்கம் இல்ல. அவ்ளோதான்."

"எனக்குந்தான் தூக்கமில்ல. தோல் ஷாப்புக்காரன் பட்ட பட்டன்னு உயிர வாங்கறான்."

"நீங்க மெத்தையில தூங்காம கீறீங்க. நாங்க சுத்திய பிடிச்சினு தூங்காம கீறோம்."

மங்கம்மாள் எழுந்தாள். "மொதலாளி, ஒண்ணே ஒண்ணு. தகரத்த நிறுத்துங்க. பழையபடி கைரேகை தெரிஞ்சதும் எழுந்து வந்துர்றோம். ஒரு கழி கொறையாது."

சக்கரவர்த்தி அவள் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். சிரித்தார். "கைரேகையா? தேஞ்சி வழவழன்னு கீதே! எதப் பாத்து எழுந்துப்ப?"

"தேச்சது யாரு மொதலாளி?"

வட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவருக்கும் சிரிப்பு நின்றது. "நாளைக்கித் தகரம் அடிக்கும். எழுந்தவன் இருக்கலாம். இல்லாதவன் கருப்பன்கூடவே போலாம். அடிவாரத்துல ஆளுக்கு ஒண்ணும் பஞ்சமில்ல" என்று சொல்லிவிட்டுப் பழனியின் குடிசைக்குப் போய்விட்டார்.

போக்கிடம் யாருக்கும் இல்லை. மேலே அவர்கள் ஊரில் சாமைப் பயிர் கருகிக் கிடந்தது. தங்கவேல்தான் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான்: "நாளைக்கி எழுந்துக்க வாணாம்."

"இன்னாடா?"

"தகரம் அடிக்கட்டும். யாரும் எழுந்துக்க வாணாம். அவ்ளோதான்."

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். மங்கம்மாள் தன் கொட்டாப்புளியை எடுத்துப் பார்த்தாள். "இத தலைக்கி வச்சினு படுக்கறேன். எவன் வந்து எடுக்கறான் பாக்கலாம்."

நான் வாணியம்பாடியில் கொடி பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கோஷம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். படுத்துத் தூங்குவதே போராட்டம் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். உலகத்திலேயே சுலபமான போராட்டம் என்று எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அன்று ராத்திரி எல்லோரும் பட்டை காயும் கொட்டகையிலேயே ஒன்றாகப் படுத்தார்கள். ஆளுக்கொரு கொட்டாப்புளி தலைக்கு. கருப்பனின் கொட்டாப்புளியை அம்சவல்லி வாங்கித் தன் தலைக்கடியில் வைத்துக்கொண்டாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகை வாசலில் என் லாரி. லாரிக்கு அடியில் நான்.

இருட்டில் தகரம் அடித்தது.

உடம்புகள் எழுந்துவிட்டன. மனுஷர்கள்தான் படுத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் மடங்குகிறது, கை தரையை ஊன்றுகிறது, முதுகு தானாக நிமிர்கிறது. தங்கவேல் தன் காலைப் பட்டை நாரால் கம்பத்தோடு கட்டியிருந்தான். அவன் இழுத்த இழுப்பில் கொட்டகையே சந்தவாசல் பக்கமாக ஒரு முழம் நகர்ந்தது. ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டார்கள். மங்கம்மாள் ஒரு பெண்ணின் இடுப்பில் காலைப் போட்டு அழுத்திக்கொண்டு, "படு, படு" என்று பல்லைக் கடித்தாள். பாதிப்பேர் அழுதார்கள். அடுத்த வேளைக் கூழ் எங்கே என்ற பயம் தகரத்தைவிடச் சத்தமாக அடித்தது. கண்ணை மூடியிருந்தார்கள், தூங்கியவர் ஒருவருமில்லை.

பழனி நிறுத்திவிட்டான். "எழுந்துக்க மாட்டேன்றாங்க மொதலாளி."

சக்கரவர்த்தி கம்பியைப் பிடுங்கிக்கொண்டு தானே அடித்தார். அடித்தபடியே கத்தினார். "போலீசக் கூப்புடுவேன்! இன்னிக்கே கீழ இருந்து ஆள் ஏத்தினு வருவேன்! பாய், வண்டிய எடு!"

நான் கண்ணை இறுக்கிக் குறட்டை விட்டேன். நல்ல குறட்டை, புலி கேட்டாலும் பயப்படும். அவர் குனிந்து என் காலைப் பிடித்து இழுத்தார். "நீ என் ஆளுய்யா! உனக்கும் வேல போவும்!"

"தூங்கறவன எழுப்பலாம் மொதலாளி," என்றேன் கண்ணைத் திறக்காமல். "நான் ரொம்ப ஆழத்துல கீறேன்."

வேலை போனால் எனக்கும் வேறு வழியில்லை. வீட்டில் என் பெண்டாட்டி ஜோஹரா நிறைமாதம்.

அப்போதுதான் இன்னொரு குறட்டை கேட்டது. என்னுடையது இல்லை. கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி, நிதானமான, நிஜமான குறட்டை. லாரிக்கடியிலிருந்து தலையை நீட்டினேன். கருப்பன்.

தகரம் அவன் தலைக்கு நேரே அலறிக்கொண்டிருந்தது. அவன் தூங்கினான். கொட்டாப்புளி அம்சவல்லியின் தலைக்கடியில் பத்திரமாக இருந்தது. இனி அது யார் விரலிலும் விழாது என்று அவன் உடம்புக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

கொட்டகை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது. அதுவரை எழுந்து எழுந்து விழுந்த உடம்புகள் ஒவ்வொன்றாக அசைவதை நிறுத்தின. அசைந்தால் அவன் முழித்துக்கொள்வானே!

"மெதுவா மொதலாளி," என்றாள் மங்கம்மாள் கிசுகிசுப்பாக. "கனவு கினவு கண்டுனு கீறான். நாளைக்கி எங்களுக்குப் பங்கு வேணும்."

சக்கரவர்த்தி ஓங்கி ஓர் அடி அடித்தார். தகரம் அடியோடு கிழிந்து தொங்கியது. கம்பியை வீசிவிட்டு, பழனியை இழுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கினார். ஆட்களோடு வருவாரா, போலீசோடு வருவாரா, புதுத் தகரத்தோடு வருவாரா, யாருக்கும் தெரியாது. மூன்றோடும் வரலாம். என் லாரி காலியாக நின்றது.

மெல்ல வெளுத்தது. தங்கவேல் படுத்தபடியே உள்ளங்கையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். அடுத்தடுத்து எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"தெரியுது," என்றான் மெதுவாக.

"தெரிஞ்சா இன்னா? மொதல்ல கருப்பன் எழுந்துக்கட்டும்," என்றாள் மங்கம்மாள்.

வெயில் கொட்டகை இடுக்கு வழியாகக் கருப்பனின் முகத்துக்கு வந்தது. அம்சவல்லி சிம்பு கட்டிய கையைத் தூக்கி அதற்குக் குறுக்கே பிடித்தாள். வலித்திருக்கும்; இறக்கவில்லை. கை தளர்ந்தபோது பக்கத்தில் இருந்த பெண் தன் கையை நீட்டினாள். பிறகு இன்னொருத்தி.

கருப்பனின் வலது கை ஆடவில்லை. விரல்கள் விரிந்து, உள்ளங்கை மேலே பார்க்க, பட்டைக் குவியலின்மேல் கிடந்தது. தேய்ந்ததுபோக மிச்சமிருந்த ரேகைகள் தெளிவாகத் தெரிந்தன.