தாரின்காவின் கயிறு

என் கணவன் சிரில் முப்பத்திரண்டு கோடைகள் த்ரிக்லாவ் மலையில் விடுதி நடத்தினான். உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேர ஏற்றம் இருக்கும் இடத்தில், பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கல் கட்டடம். அங்கிருந்து அமைச்சர்களை, புதுமணத் தம்பதிகளை, ஒருமுறை நாற்பது பிள்ளைகள் கொண்ட பள்ளி வகுப்பையே உச்சிக்குக் கூட்டிப்போயிருக்கிறான். என்னைக் கூட்டிப்போகவில்லை.

எங்கள் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. த்ரிக்லாவ் ஏறாதவளை அரை ஸ்லோவேனியக்காரி என்றுதான் கேலி செய்வார்கள். ஏறினால் மட்டும் போதாது. முதல் முறை உச்சியில் கால் வைப்பவரைக் குனியச் சொல்லி, கூட்டிவந்தவர் கயிற்றால் பின்பக்கத்தில் மூன்று அடி போட வேண்டும். அந்த அடி வாங்கும்வரை ஏறியும் ஏறாத மாதிரிதான்.

நாங்கள் பழக ஆரம்பித்த வசந்தத்தில், பெரிச்னிக் அருவிக்குப் பின்னால் இருக்கும் குகைப் பாதையில் நின்றபோது சிரில் சொன்னான். அருவியில் பாதி இன்னும் பனிக்கட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"உனக்குக் கயிறு போடுறவன் நான்தான். வேற எவனும் தொடக் கூடாது."

"பொண்ணு கேக்குறவன் மோதிரம் போடுறேன்னு சொல்வான். நீ என்ன அடிக்கிறேன்னு சொல்ற?"

"மூணே அடி தாரி. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் நீ என்னை அடிச்சுக்கோ."

அடுத்த வருடம் கல்யாணம் ஆயிற்று. மலையேறிப் பழசான கயிறு ஒன்றில் மூன்று கை நீளம் வெட்டி, முனை பிரியாமல் சுட்டு, விடுதிச் சமையலறைக் கதவோரம் ஆணியில் மாட்டினான். கூடவே ஒரு மரச்சில்லு, அதில் என் பெயர். வருகிற போகிறவர்கள் எல்லாம், "யாருண்ணே அந்த தாரின்கா? இன்னும் அடி வாங்கலையா?" என்று கேட்பார்களாம். "வாங்குவா, வாங்குவா" என்று இவன் பார்லிக் கஞ்சியை அகப்பையில் மொண்டபடி சொல்வானாம்.

எங்கள் குடும்பம் அந்த மலையின் பருவங்களுக்குத் தக்கபடிதான் நடந்தது. ஜூன் நடுவில் மண்வெட்டியோடு மேலே போவான். விடுதி வாசலையே பனிக்குள்ளிருந்து தோண்டி எடுக்க வேண்டும். அப்போது கேட்டால், "முகட்டுல இன்னும் பனிப்பாளம். பிடிச்சு ஏறுற இரும்புக் கம்பியெல்லாம் உள்ள புதைஞ்சு கிடக்கு" என்பான். ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் திருவிழாக் கூட்டம். மேசைக்கு அடியில்கூட ஆள் படுத்திருக்கும்போது சமையலறையை விட்டு அவனால் அசைய முடியாது. செப்டம்பர் கடைசியில் விடுதியைப் பூட்டும் வாரம், நான் மேலே போய்க் கம்பளிகளை உதறி மடித்துக் கொடுப்பேன். உச்சி தலைக்கு மேலேயே நிற்கும். "காத்தைப் பாரு. உன்னைத் தூக்கிட்டுப்போய் இத்தாலியில போட்டுரும். அடுத்த வருஷம்" என்பான். குளிர்காலத்தில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. கீழே மோய்ஸ்த்ரனாவில், எங்கள் வீட்டில், பனிச்சரிவு இடிந்து விழும் சத்தத்தை ராத்திரிகளில் கேட்டபடி படுத்திருப்போம்.

இப்படிப் பதினான்கு 'அடுத்த வருஷங்கள்' போயின. ஒவ்வொரு முறையும் காரணம் நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

குளிர்காலத்தில் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. உச்சியில் இருக்கும் தகரக் கோபுரத்தில் ஒரு பதிவேடு வைத்திருப்பார்கள். ஏறியவர்கள் பெயர், ஊர், அடுத்து எங்கே போகிறார்கள் என்று எழுதிவிட்டு இறங்குவார்கள். யாராவது காணாமல் போனால் தேடுவதற்கு அதுதான் முதல் துப்பு. அந்த வருடம் நிறைந்த ஏடுகளை சிரில் வீட்டுக்குக் கொண்டுவந்து, மலைச் சங்கத்தில் ஒப்படைக்கும்வரை அடுப்பு ஓரம் உட்கார்ந்து நாவல் படிப்பதுபோல ஒரு வரி விடாமல் படிப்பான். "இந்த ஆள் பாரு, மூணு வருஷமா மூணு வேற பொண்ணோட வந்திருக்கான்" என்று சிரிப்பான்.

நான் யெசெனிட்சே நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். அங்கே ஃபானி என்று ஒருத்தி, நாக்கில் தேளை வைத்திருப்பவள்.

"தாரி, உன் கதை டாக்டர் வீட்டுப் பிள்ளை தடுப்பூசி போடாத கதையால்ல இருக்கு" என்றாள் ஒரு நாள், வாடிக்கையாளர்கள் முன்னால். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் பேருந்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த செப்டம்பரில் கடைப் பெண்கள் மூன்று பேர் த்ரிக்லாவ் கிளம்பினார்கள். மகள் போலோனாவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு நானும் போனேன். சிரிலின் விடுதி இருக்கும் பக்கமாக இல்லை. தெற்கே போக்ல்யுகா காட்டு வழியாக. லார்ச் ஊசியிலை மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. காலையில் புல்லெல்லாம் உறைபனி. பாறையில் அறைந்த இரும்பு முளைகளைப் பிடித்து ஏறும்போது, இதற்கா பதினான்கு வருடம் பயந்தோம் என்றிருந்தது.

உச்சியில் ஃபானி பையிலிருந்து கயிறு எடுத்தாள். "வா மகராணி, குனி."

"எனக்கு எப்பவோ ஆச்சு" என்றேன்.

"ஆச்சா? அப்ப இத்தனை நாள் நாங்க கிண்டல் பண்ணினப்போ வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சிரில் கையால வாங்கினதை உன்கிட்ட வந்து காட்டணுமா?"

விட்டுவிட்டாள். பிறகு பதிவேட்டைத் திறந்து என் பெயரைப் பெரிய எழுத்தில், தெளிவாக எழுதினேன். ஊர்: மோய்ஸ்த்ரனா. அடுத்து போகும் இடம்: வீடு. அவன் படிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். படிப்பான், திடுக்கிடுவான், "ஏண்டி எனக்குச் சொல்லலை?" என்று சண்டைக்கு வருவான். நான் அழுவேன். பிறகு, "என்னை யாரும் அடிக்கலை, அதை உனக்குத்தான் வச்சிருக்கேன்" என்று சொல்வேன். எல்லாம் மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

உச்சியிலிருந்து அவன் விடுதியின் கூரை தெரிந்தது. வாசலில் யாரோ கம்பளி உதறிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் இறங்கினால் போதும். இறங்கவில்லை. வந்த வழியே திரும்பினேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் பக்கம் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம் கடைசி ஏட்டை மூடினான். சற்று நேரம் அதன் அட்டையைத் தடவினான்.

"அடுப்புக்கு விறகு எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போனான். அவ்வளவுதான்.

என் பக்கத்தைத் தவறவிட்டிருக்க வேண்டும். இல்லை, பார்த்தும் பெரிதாகத் தோன்றவில்லை. இரண்டில் எதுவென்று கேட்க எனக்கு வீம்பு. அடுத்த செப்டம்பரில் விடுதிக்குப் போனபோது ஆணி காலியாக இருந்தது. கயிறும் இல்லை, என் பெயர் எழுதிய மரச்சில்லும் இல்லை. 'அடுத்த வருஷம்' என்ற சொல்லும் அதோடு போயிற்று.

நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. போலோனாவைப் படிக்க வைத்தோம், கல்யாணம் செய்து வைத்தோம். சிரிக்கும்போது சேர்ந்தே சிரித்தோம். ஆனால் த்ரிக்லாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பேரில் ஒருவர் எழுந்து விறகு எடுக்கப் போவோம். பதினெட்டு வருடம்.

போன வருடம் அவனுடைய இடது முழங்கால் முழுக்கத் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடுதியை ரோஸி என்ற பெண்ணுக்குக் கைமாற்றிக் கொடுக்க ஏற்பாடாயிற்று. கடைசி முறையாகக் கம்பளி மடிக்கப் போனேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சிரில் தன் பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தான். அதே கயிறு. மரச்சில்லு அதில் கட்டியிருந்தது.

"நாளைக்கு வானம் தெளிவா இருந்தா போவோம்" என்றான்.

"முழங்கால்?"

"ஒரு மணி நேரம்தானே. தாங்கும்."

ரோஸி மேசையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். "அக்கா, இந்த மலையில எல்லாரும் உங்களை அடிக்கத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. நாளைக்கு ப்ளூபெர்ரி சாராயம் என் செலவு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். காலையில், வழியில், தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

காலையில் காற்றே இல்லை. நான் முன்னால், அவன் பின்னால். முளைகளைப் பிடித்து ஏறுகையில் ஒவ்வொரு வளைவிலும் வாயைத் திறப்பேன், அவன் மூச்சு வாங்குவது கேட்கும், மூடிக்கொள்வேன். உச்சிக்கு முன்னால் சின்ன த்ரிக்லாவ் என்று ஒரு மேடு உண்டு. அங்கிருந்து கத்தி முனை மாதிரி ஒரு முகடு, அதைத் தாண்டினால் உச்சி. அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த மேட்டில் ஏறியதும் சிரில் உட்கார்ந்தான். எழுந்திருக்கப் பார்த்தான். கால் மடங்கியது. மறுபடி உட்கார்ந்தான்.

"முடியலை தாரி."

"கொஞ்சம் இருந்து பாப்போம்."

"நான் எத்தனை பேரை இந்த இடத்துல திருப்பி அனுப்பியிருக்கேன். எனக்குத் தெரியும்." கயிற்றை மடியில் வைத்துக்கொண்டான். "நீ போயிட்டு வா. இங்கேருந்து உனக்கு வழி தெரியுமே."

அவன் என்னைப் பார்க்கவில்லை. முகட்டைப் பார்த்தபடிதான் சொன்னான்.

"படிச்சியா?" என்றேன் கடைசியில்.

"செப்டம்பர் பத்தொன்பது. நீல மை."

"ஏன் கேக்கலை?"

"நீ சொல்வேன்னு இருந்தேன்."

"நீ கேப்பேன்னுதான் எழுதினேன் சிரில். வேற எதுக்கு அவ்வளவு பெரிசா எழுதினேன்?"

"அடுத்து போற இடம் வீடுன்னு போட்டிருந்தே. என் விடுதி கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். இங்க வராம வீடுன்னு போட்டிருந்தே." கயிற்று முனையைத் தேய்த்தான். "பதினாலு வருஷம் ஏமாத்தினவன்கிட்ட ஏன் வரணும்னு நானே சொல்லிக்கிட்டேன். வேற யாரோ அடிச்சாச்சு. இனி இந்தக் கயிறு ஆணியில தொங்கினா ஊரே சிரிக்கும்னு கழட்டினேன்."

"யாரும் அடிக்கலை."

அப்போதுதான் திரும்பினான்.

"ஃபானி கயிறு எடுத்தா. ஏற்கனவே ஆச்சுன்னு பொய் சொன்னேன். குனியலை. உனக்குன்னு விட்டு வச்சேன்."

சிரில் மறுபடி உச்சியைப் பார்த்தான். பிறகு, "அப்ப எனக்கு நாப்பத்தி மூணு வயசு" என்றான். "ஒரே நாள்ல ரெண்டு தடவை ஓடிப்போய்ட்டு வருவேன் மேல."

எனக்கும் தெரியும். அந்த ஞாயிறு மதியம் அவன் விறகு எடுக்கப் போனபோது நானும் பின்னாலேயே போயிருந்தால் கொட்டகை வாசலில் ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்கும்.

"இங்கயே அடிச்சிடேன்" என்றேன்.

"இங்க செல்லாது." கிண்டலாகச் சொல்லப் பார்த்தான். "முப்பத்திரண்டு வருஷம் எல்லாருக்கும் சட்டம் பேசிட்டு, என் பொண்டாட்டிக்கு மட்டும் பாதி மலையில போடவா?"

மரிபோர் நகரத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. அதில் ஒரு தடியன் நின்றான். "அண்ணே, எங்ககூட ஒரு புதுப் பொண்ணு வந்திருக்கு, கயிறு கொண்டுவர மறந்துட்டோம். இதைக் கொஞ்சம் குடுங்க, திரும்பும்போது தந்துடுறோம்."

சிரில் எதையும் எவருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவன். கயிற்றைக் கையில் எடுத்தான். பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"இது ஒருத்தங்களுக்குச் சொல்லி வச்சது தம்பி. உன் இடுப்புப் பெல்ட்டைக் கழட்டி அடி."

அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். சற்று நேரத்தில் உச்சியிலிருந்து கைதட்டல் கேட்டது; ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"நீயாவது போயிட்டு வா" என்றான்.

"தனியா ஒரு தடவை போனது போதும்."

இறங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்தக் கயிற்றின் ஒரு முனையை அவன் இடுப்பில் கட்டினேன், மறு முனையை என் கையில் சுற்றிக்கொண்டேன். ஒவ்வொரு முளைக்கும் நான் மேலே நின்று இறுக்கிப் பிடிக்க, அவன் நல்ல காலை முதலில் வைத்து இறங்கினான். முக்கால் மணி நேர வழிக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று. விடுதி வாசலில் ரோஸி சாராயப் புட்டியோடு நின்றிருந்தாள். எங்கள் கயிற்றைப் பார்த்ததும் புட்டியை மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் அவனுக்கு நாற்காலி எடுத்து வந்தாள்.

இப்போது குளிர்காலம். இந்த முறை பதிவேடுகள் ரோஸி வீட்டுக்குப் போய்விட்டன. சிரிலுக்கு மாலையில் படிக்க ஒன்றும் இல்லை. செய்தித்தாளை இரண்டு முறை படிக்கிறான். கயிறு எங்கள் சமையலறைக் கதவோரம் ஆணியில் தொங்குகிறது. மரச்சில்லோடு நானேதான் மாட்டினேன். முழங்காலுக்கு அறுவை செய்தாலும் இனி மலை வேண்டாம் என்று டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை இருவரும்தான் படித்தோம்.

நேற்று மதியம் மேலே எங்கோ பனிச்சரிவு இடிந்தது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. சிரில் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கிக் கயிற்றைப் பார்த்தான்.

"அடுத்த வருஷம்" என்றான்.

பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு அந்தச் சொல். ஒரு காலத்தில் அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சரி" என்றேன். விறகு எடுத்துவரப் போகாமல், அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.