கஸ்டமர் சர்வீஸ் கவுண்டரில் பெண் பார்த்தது

என் தம்பி உலகநாதன் அந்த செக்யூரிட்டியின் மூக்கில் குத்தியபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. என் உதட்டைக் கிழித்தவன் அவன். ரத்தம் வடிந்த வாயோடு நான்தான் கத்தினேன், இன்னும் போடுடா என்று.

உலகநாதனுக்கு முப்பத்தெட்டு வயது. சிறுசேரியில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறான். குடி கிடையாது. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் சத்தம் போடுகிற வேலை முழுக்க என்னுடையது. சந்தேகம் இருந்தால் என் புருஷனைக் கேளுங்கள். இப்படிப்பட்டவனுக்கு ஏன் பெண் அமையவில்லை என்றால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நிலத்தை விற்றாயிற்று, சொந்த வீடு இல்லை, வயது ஏறிவிட்டது. அவனுக்குப் பார்த்த பெண்களெல்லாம் இப்போது இடுப்பில் பிள்ளையோடு எதிரில் வருகிறார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியாக வந்த இடம் விஜயகுமாரி. படூரில் 'சல்லிசு மார்ட்' என்று ஒரு மலிவு விலைக் கடை இருக்கிறது. அங்கே கஸ்டமர் சர்வீஸ் கவுண்டரில் வேலை. முதல் புருஷன் அடித்து அடித்து அவளுடைய இடது காது கேட்காமல் போயிருந்தது. விவாகரத்து வாங்கிக்கொண்டு தனியாக இருந்தாள். என்னிடம் போனில் அவளே பேசினாள்.

"வூட்டாண்ட வந்து பஜ்ஜி சொஜ்ஜி துன்னுட்டுப் போற கதையெல்லாம் எனக்கு ஒரு தபா முடிஞ்சி போச்சுக்கா. பாக்கணும்னா கடைக்கு வரட்டும். நானும் பாத்துக்கிறேன். நகை வேணாம், சொந்த வூடு வேணாம். கை நீட்டாத ஆளா இருந்தா போதும்."

"அவன் கொசுவக்கூட ஊதித்தாம்மா அனுப்புவான்," என்றேன். பொய்யில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை முதலில் திருவிடந்தைக்குப் போனோம். கல்யாணம் ஆகாதவர்கள் அங்கே பெருமாளுக்கு மாலை சாத்தி, திருப்பித் தரும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிரகாரத்தைச் சுற்ற வேண்டும். கல்யாணம் முடிகிற வரைக்கும் அந்த மாலை வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும். வாலிபப் பையன்களுக்கு நடுவில் நரைத்த மீசையோடு அவன் சுற்றி வந்தான். மாலையையும், பிரசாதமாகக் கொடுத்த இரண்டு வாழைப்பழத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நேராகப் படூருக்கு வந்தோம்.

சம்பளம் வந்த வாரம். கடை, கடையாக இல்லை. கடலை எண்ணெய் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் ஒரே கேனைப் பிடித்து இழுத்ததில் ஒருத்தியின் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் கிழித்திருந்தது. அப்போதும் அவள் கேனை விடவில்லை. டிராலியால் என் கணுக்காலை இடித்த ஒருவன், நான் என்னவோ அவன் டிராலியை இடித்தது மாதிரி என்னை முறைத்தான். அவனை நான் சும்மா விட்டதற்குக் காரணம், பெண் பார்க்க வந்த இடம் என்பதுதான்.

வாசலில் பைகளை வாங்கி அடுக்கும் இடத்தில், கோவளத்தில் மீன் வாங்கியவர்களின் பைகள் ஒழுகிக்கொண்டிருந்தன. அதற்குப் பக்கத்தில் பெருமாள் மாலையை வைக்க நான் சம்மதிக்கவில்லை. செக்யூரிட்டி ஆனந்தன் இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டான். மீசைக்கு முன்பே அதிகாரம் முளைத்துவிட்டது.

"உள்ள எடுத்துகினு போணும்னா டேக் போடுவேன். பிச்சா நீதான் பொறுப்பு," என்று பையின் காதுகளைச் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டினான்.

கஸ்டமர் சர்வீஸ் கவுண்டரில் விஜயகுமாரி நின்றிருந்தாள். மெலிந்த உடம்பு, நீல நிறச் சட்டை. எங்களுக்கு முன்னால் நின்றவன், வண்டு விழுந்த சேமியா பாக்கெட்டை அவள் முகத்தில் விட்டெறிந்தான். அது கன்னத்தில் பட்டு உடைந்து சட்டையெல்லாம் சேமியா. அவள் குனிந்து பாக்கெட்டை எடுத்தாள். "மன்னிச்சுக்குங்க சார், வேற தரேன்," என்று புதுசை நீட்டினாள். நானாக இருந்தால் அந்தச் சேமியாவை அவன் வாயில் திணித்திருப்பேன். பக்கத்தில் நின்ற உலகநாதன் என் கையைப் பிடித்தான். வலிக்கும்படி பிடித்தான். கோபத்தை அடக்குகிறான், எவ்வளவு நல்லவன் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்கக்கா. சாமான் எதுனா வாங்கிகினு இருங்க. கூட்டம் கொறஞ்சதும் டீ குடிக்கலாம்," என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "வெயில்ல வந்தீங்களா?" என்று கேட்டாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

காய்கறிப் பக்கம் வந்ததும் அவன் என் காதில் சொன்னான். "இது அமைஞ்சிடும்னு தோணுதுக்கா." இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் மாலை ஞாபகம் வந்தது. கட்டிய பைக்குள் புழுங்கிக் கறுத்துவிடுமே என்று பட்டையைப் பிய்த்தேன். கீரைக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து மாலைமேல் தெளித்தேன்.

பில் போட்டு வெளியே வரும் இடத்தில் ஆனந்தன் நின்றான். பில்லைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தான்.

"டேக் இன்னா ஆச்சு?"

"மாலை வாடிப் போவுதுன்னு பிரிச்சேன்பா."

அவன் பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தான். மாலை தரையில் விழுந்தது. வாழைப்பழங்கள் அவன் ஷூவுக்குப் பக்கத்தில் உருண்டன.

"வாழப்பழத்துக்கு பில் எங்க? மால மறைக்கிறதுக்கா? நல்லாத்தான் கீது ஐடியா."

"கோயில் பழம்டா அது," என்று நான் குனிந்தேன். உலகநாதனும் குனிந்து மாலையைத் தொட்டான். ஆனந்தன் அதன்மேல் காலை வைத்தான். தெரியாமல் வைத்தானோ, வேண்டுமென்றே வைத்தானோ, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் என்னை இரண்டு கையாலும் தள்ளினான். அடுக்கி வைத்திருந்த கூடைகள்மேல் போய் விழுந்தேன். ஒரு கூடையின் கம்பி உதட்டைக் கிழித்தது. வாயெல்லாம் உப்பு.

"பாத்துகினு நிக்கிறியே, நீ ஆம்பளையாடா?" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினேன்.

அப்போதுதான் அவன் குத்தினான். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது குத்தில் ஆனந்தன் டிராலிகளுக்கு நடுவில் மல்லாந்தான். நான் இன்னும் போடு என்றேன். அவன் போட்டான். சூப்பர்வைசர் பாலா ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். உலகநாதன் முழங்கையால் இடித்த இடியில் பாலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். தம்பி யாருடைய டிராலியிலோ இருந்த அரிசிப் பையைத் தூக்கி, கீழே கிடந்த ஆனந்தன் முகத்தில் அடித்தான். பை கிழிந்து அரிசி சிதறியது. சிவந்த அரிசி. அந்தப் பையன், "அண்ணா, அண்ணா" என்றான். பல் போன வாயில் அது அண்ணா மாதிரியே இல்லை. உலகநாதன் விலாவில் மிதித்தான். மறுபடி மிதித்தான்.

"போதும்டா," என்றேன். திரும்பவில்லை. "டேய், போதும்டா, செத்துடுவான்டா." அவனுக்குக் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம்கூட இல்லை. பசித்தவன் சாப்பிடுவது மாதிரி அடித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை.

விஜயகுமாரி வந்தாள். கத்தவில்லை. அரிசியின்மேல் உட்கார்ந்து ஆனந்தனின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். உலகநாதனின் கால் ஓங்கியபடி இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் தன் தலையைத் தோளுக்குள் இழுத்து, இடது காதைக் கையால் பொத்திக்கொண்டாள். யோசித்துச் செய்தது இல்லை அது. அவள் கை தானாகவே அங்கே போனது.

அவன் காலைக் கீழே வைத்தான்.

ஆனந்தனை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். உலகநாதன் சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்து வீங்கிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் துடைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். ஒரு பிடி பிடிப்பது என்றுதான் போனேன்.

"ஒரு பொம்பளய தள்ளி வாயக் கிழிச்சிருக்கான். கூடப் பொறந்தவன் அடிக்காம முத்தமா குடுப்பான்?"

"அவன் தள்ளுனது தப்புக்கா. மேனேஜராண்ட சொல்லிட்டேன். போலீஸ் கேட்டாலும் பாத்தத பாத்தபடி சொல்லுவேன்," என்றாள். கையில் காயாத ரத்தம். டிஷ்யூவால் துடைத்தாள்.

"அப்புறம் இன்னாம்மா உனக்கு? நாளைக்கு ஒன் மேல ஒருத்தன் கை வெச்சா கேக்கறதுக்கு ஆள் வேணாமா?"

அவள் என் உதட்டுக்கு ஒரு டிஷ்யூவை நீட்டினாள்.

"மொத அடி சரிதாங்க்கா. நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன். அவன் கீழ வுழுந்தப்பறம் அடிச்சாரு பாருங்க, அந்த அடிய நான் வாங்கியிருக்கேன்."

நான் டிஷ்யூவை வாங்கி உதட்டில் அழுத்திக்கொண்டேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் கிழிந்த மாவு பாக்கெட்டை நீட்டினாள். விஜயகுமாரி, "சொல்லுங்க மேடம்," என்று அவளிடம் திரும்பினாள்.

போலீஸ் வந்து எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிடும்போது ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியது. கேளம்பாக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பாதி வழியில் அவன் என் பக்கம் திரும்பினான். அப்புறம் கேட்டான்.

"இன்னா சொன்னாக்கா?"

"கூட்டமா இருந்திச்சி. அப்பறம் பேசறேன்னா."

அவன் நம்பவில்லை என்று தெரிந்தது. வீங்கிய கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான்.

"நான் அவள அடிக்கலியேக்கா," என்றான்.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவன் பிடிமானத்துக்காகச் சட்டென்று கையைத் தூக்கினான். நான் கம்பியோரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். அப்படி நகர்ந்ததை அவன் பார்த்துவிட்டான்.