வெள்ளிக் கெண்டிக்காக ஒரு கடகட

எங்கள் ஷ்ராப்ஷயர் பழைய கார் மன்றத்தில் இன்ஜின் அமைதியாக ஓடினால் யாருக்கும் பிடிக்காது. அறுபது வயது ஸ்போர்ட்ஸ் கார் முக்கி முனகிக்கொண்டுதான் ஓட வேண்டும். முனகாவிட்டால் உள்ளே புதுச் சாமான் புகுந்துவிட்டது என்று முகம் சுளிப்பார்கள். இந்தக் கூட்டத்தோடுதான் நான் காலம் தள்ளுகிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை நோரீனுடைய பப் வாசலில் வெள்ளித் தேநீர்க் கெண்டிக்குப் போட்டி நடக்கும். தொழிற்சாலையில் பூட்டிய சாமானோடு ஓடும் இன்ஜினுக்குத்தான் கெண்டி. போன வருஷம் ஜெயித்தவரும் அவரை எதிர்க்க வருபவரும் ஒருவர் வண்டியை ஒருவர் காதால் சோதிக்க வேண்டும். நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜினின் மேல்மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் மூடியைத் திறக்கச் சொல்லலாம், ஆனால் சொன்னவரும் தன்னுடையதைத் திறந்தாக வேண்டும். இருவருமே தேறிவிட்டால் கெண்டி பழைய ஆளிடமே போகும். மூன்று வருஷம் தொடர்ந்து வைத்திருந்தால் அவருக்கே சொந்தம்.

எதிர்வீட்டு ஹம்ஃப்ரி இரண்டு வருஷமாக வைத்திருந்தார். வைத்திருந்தது எங்கே? என் சமையலறைக்கு நேராக, அவருடைய ஜன்னலில். நான் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அது என்னைப் பார்த்து இளிக்கும். ஆயுள் முழுக்க அந்த இளிப்பைப் பார்க்க என்னால் முடியாது. அதனால்தான் இந்த வருஷம் நானே எதிர்த்து நின்றேன்.

என் வண்டிக்கு முனகல் ஏற்கெனவே தாராளம். பிரச்சினை என்னவென்றால் அது மிஞ்சிப்போய்விட்டது. வால்வு இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை வைத்துச் சரிசெய்தாலும் கடகடவென்று அடித்தது. வால்வுகளைத் தட்டித் திறக்கும் ராக்கர்களில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். வால்வை அமுக்கும் இடம் தேய்ந்து குழிந்திருந்தது. தகடு அந்தக் குழிமேல் பலகைபோலப் படுத்துக்கொண்டு, எல்லாம் சரி என்று பொய் சொல்லியிருக்கிறது. ராக்கர்கள் கோத்திருக்கும் தண்டும் தேய்ந்திருந்தது. அப்படியே ஓட்டினால் வால்வுகளுக்கும் கேடு. வேறு வழியில்லாமல் எட்டு ராக்கரையும் தண்டையும் புதிதாக மாற்றினேன்.

இன்ஜினைக் கிளப்பினால் ஒரு சத்தம் இல்லை. என் கணவர் லயனல் பயந்துபோய் வந்து நின்றார்.

"அடிப்பாவி, தையல் மெஷின் மாதிரி ஓடுதே! ஹம்ஃப்ரி காதுல விழுந்தா உன் கதை முடிஞ்சுது."

"விழுந்தாத்தானே?" மூடியைக் கழற்றி, மூன்றாவது வால்வின் திருகை மட்டும் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். கடகட வந்துவிட்டது.

"இது ஃப்ராடு இல்லையா, க்வெண்டா?"

"சத்தம் அசல்தானே. நீங்க போய் டீ போடுங்க."

போட்டி நாளன்று மற்ற உறுப்பினர்கள் தங்கள் வண்டிகளின் பானெட்டைத் தூக்கிவைத்து, கையில் கோப்பையோடு சுற்றி நின்றார்கள். ஹம்ஃப்ரி முதலில் என் இன்ஜினைக் கேட்டார். ஸ்க்ரூடிரைவரை ஒரு முனையிலிருந்து நகர்த்திக்கொண்டே போனவர், மூன்றாவது இடத்தில் கொஞ்சம் நின்றார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

"அபாரம்! சுத்த அசல். எனக்குச் சந்தேகமே இல்ல."

இவ்வளவு நல்லவராக இவர் எப்போது மாறினார் என்று எனக்கு உறுத்தியது. பிறகு அவருடைய மூடியில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் காதை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் மெத்தென்று ஓடின. ஆறாவதில் மட்டும் டக்டக். மறுபடி முதலிலிருந்து கேட்டேன். தேய்ந்த இன்ஜின் உடம்பு முழுக்க உதறும். இப்படி ஒரே இடத்தில் தட்டும் வித்தை எனக்குத் தெரியாதா?

கிழவன் பலே ஆள். என்னைப் பிடித்துவிட்டார், பிடித்தும் விட்டுவிட்டார். இரண்டு பேரும் தேறினால் கெண்டி அவருக்கே போகும், அதுவும் ஆயுளுக்கும். மூடியைத் திறக்கச் சொன்னால் நானும் மாட்டுவேன்.

"என்னம்மா, அசல்தானே? சொல்லிட்டுப் போய் ஒரு கிளாஸ் குடிப்போம்," என்றார் ஹம்ஃப்ரி.

என் மானம் போகும் என்று தெரியும். ஆனால் அந்த ஜன்னல் கண்முன் வந்தது.

"திறங்க," என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. குரலைத் தாழ்த்தி, "உன்னுதையும் திறக்கணுமே, க்வெண்டா. யோசிச்சுக்கோ," என்றார்.

"யோசிச்சாச்சு. லயனல், அந்த ஸ்பேனரை எடுங்க!"

இரண்டு மூடியும் கழன்றன. உள்ளே என்னுடைய எட்டும் அவருடைய எட்டும் நேற்று வாங்கிய கரண்டிகள்போல மின்னின. கூட்டத்தில் யாரோ சிரிக்க, எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. எனக்கும்தான், வெட்கத்தோடு.

"எது, மூணாவதா?" என்று கேட்டார் ஹம்ஃப்ரி.

"ஆமா. உங்களுது ஆறுதானே?"

"காது நல்லாத்தான் இருக்கு உனக்கு. அந்தத் தகட்டைக் கொஞ்சம் குடு. இனிமே இந்த இழவுச் சத்தம் எதுக்கு?"

நோரீன் கெண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் வந்து நின்றாள். "இவங்க ரெண்டு பேரும் அவுட். மூடியைத் திறந்து காட்டுறவங்க இதை எடுத்துக்கலாம். யாரு முதல்ல வர்றீங்க?"

டப் என்று ஒரு பானெட் சாத்தப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை முழுக்க டப், டப், டப்.

"ஒருத்தர்கூடவா இல்ல?" என்றாள் நோரீன்.

எல்லோரும் வானத்தைப் பார்த்து, மழை வரும்போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.