சனிக்கிழமைப் புகை

கல்லியோயார்வியின் காற்று மிகச் சுத்தமானது. ஏரியின் எதிர்க்கரையில் குயில் கூவுவதற்கு முன் தொண்டையைச் செருமுவதுகூட இந்தக் கரையில் கேட்கும். அப்படிப்பட்ட ஊரில், காற்றிலுள்ள தூசியை அளக்கும் நுண்துகள் அளவி சனிக்கிழமை சாயங்காலம் தோறும் வரம்பைத் தாண்டி எகிறியது. மாகாண அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "அங்க காடு எரியுதா?" என்று கேட்டார்கள். ஊராட்சியின் சுற்றுச்சூழல் அலுவலர் தாய்ஸ்தோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். காடு எரியவில்லை.

எரியாவிட்டால் இந்தத் தூசிக்கு வேறொரு மூலம் இருக்க வேண்டும். ஊரில் பெரிய புகைபோக்கி ஒன்றுதான்: அவுனேயின் ரை தானிய ரொட்டி அடுப்பு. நடுவில் ஓட்டை போட்டு, கழியில் கோத்து உலர்த்தும் ரொட்டி அவளுடையது. ஒரு குளிர்காலத்தில் தபால்காரரின் வண்டிச் சக்கரம் உடைந்தபோது, அந்த ரொட்டி ஒன்றை மாட்டிக்கொண்டுதான் தபால் கொடுத்து முடித்தார். பனி உருகியதும் கழற்றிச் சாப்பிட்டார்.

விசாரணை முடியும்வரை அடுப்பை மூட்டக் கூடாது என்று தாய்ஸ்தோ உத்தரவு போட்டார். ஊராட்சி நிரந்தரமாகத் தடுத்துவிட்டால், அவுனே அடுப்பை இடித்துவிட்டு நகரத்தில் மகள் வீட்டுச் சமையலறையில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

தீயணைப்பு நிலையத்தில் கூட்டம். சுவரில், அளவியின் கோடு ஏறி இறங்கும் தாய்ஸ்தோவின் வரைபடம். அவுனே எழுந்தாள்.

"தாய்ஸ்தோ, அந்தக் கோடு எப்ப ஏறுது?"

"சனிக்கிழமை சாயங்காலம்."

"நான் மூட்டறது வியாழக்கிழமை. சனிக்கிழமை என் அடுப்புக்குள்ள பூனை தூங்கும்."

"புகை கீழேயே தங்கியிருக்கும், அவுனே. காத்து அசையாத நாள்ல அப்படித்தான்."

"சரிப்பா. நீ அடுப்ப அணைக்கச் சொன்னியே, அதுக்கப்புறம் வந்த சனிக்கிழமை கோடு எறங்கிச்சா?"

இறங்கவில்லை. அதைத் தாய்ஸ்தோ பார்த்திருந்தார். பார்த்துவிட்டு, அடுத்த வாரம் இறங்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, காகிதத்தைச் சுருட்டி வைத்திருந்தார்.

"எறங்கல" என்றார்.

"அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"என்ன பண்ணுவேன்? எல்லாரையும் போல சானாவுல நீராவிக் குளியல்..."

அளவி இருப்பது அவர் வீட்டுப் பின்வேலியில். மின்சாரம் அங்கேதான் சுலபமாகக் கிடைத்தது. புகைபோக்கிகளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பது விதி. அவரும் ஊர் முழுக்கப் புகைபோக்கிகளை எண்ணிவிட்டுத்தான் வைத்தார். ஆனால் வேலிக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய சானா, பாட்டன் காலத்துப் புகை சானா. மதியத்திலிருந்து விறகு எரியும். உள்ளே கறுப்பாகத் திரளும். கதவு வழியாக வெளியே பொங்கும். அதற்குப் புகைபோக்கியே கிடையாது. அதனால் அவர் எண்ணவில்லை.

தாய்ஸ்தோவின் காது சிவந்தது. முன்வரிசைக்காரர் கோட்டைக் கழற்றி வைக்கும் அளவுக்கு அதில் வெக்கை.

"அது என் சானா. என் புகை" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். எல்லாரும் தத்தம் பூட்ஸைப் பார்த்தார்கள். ஊராட்சித் தலைவி ஹில்க்கா கனைத்தாள்.

"உக்காருப்பா. சானா புகையெல்லாம் ஒரு புகையா? கிழக்கேர்ந்து வந்த காத்துன்னு எழுதிக்கலாம். அவுனேயும் நாளைக்கே மூட்டட்டும்."

"ஆமா, கிழக்குதான்" என்று பலர் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். தன்னைக் காப்பாற்ற ஊரே பொய் சொல்லத் தயாராக இருந்தது தாய்ஸ்தோவை இன்னும் குறுக வைத்தது.

"கிழக்க வெறும் காடுதான் இருக்கு, ஹில்க்கா. என் பேரைப் போடுங்க."

"பெரிசா போடுங்க" என்றாள் அவுனே. "ரெண்டு வாரமா நகரத்து ரொட்டிய தின்னோமே. பஞ்சு மாதிரி. என் பல்லுக்கு வேலையே இல்ல."

அளவியை இடம் மாற்ற வேண்டும் என்று தீர்மானமானது. எங்கே என்று கேட்டதும் ஒவ்வொருவருக்கும் தம் வீட்டுச் சானா ஞாபகம் வந்தது.

"எங்க பக்கம் வேணாம்ப்பா, மண்ணு ஈரம்."

"எங்க நாய் கடிச்சிடும்."

"உன் நாய் செத்து வருஷமாச்சே!"

"என் கொட்டகைக்குப் பின்னால வை" என்றாள் அவுனே. "விதி சொல்ற தூரத்துல. எனக்கு ஒண்ணும் பயமில்ல."

இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் அளவியைப் பார்க்கத் தாய்ஸ்தோ அவளுடைய முற்றத்தைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. கோடு எகிறுவதே இல்லை. அவர் குனிந்த தலையோடு போகிறார், குனிந்த தலையோடு வருகிறார். அவுனே வாசலில் நின்று ஒரு ரொட்டியை நீட்டுகிறாள். அவரும் நிமிராமலே வாங்கிக்கொள்கிறார்.