செவலைக்காளையின் பல்

சங்கரபாண்டியன் வீட்டுப் பெண்கள் சிரித்தால் சத்தம் கேட்கும், பல் தெரியாது. சேலைத் தலைப்போ உள்ளங்கையோ சட்டென்று வாயை மூடிவிடும். நடக்கப் பழகும் வயதிலேயே அதையும் பழக்கிவிடுவார்கள். "அந்த வீட்டுப் பொண்ணுகளோட அடக்கம் யாருக்கு வரும்?" என்று திருச்சுழி வட்டாரமே மெச்சும். சங்கரபாண்டியன் மீசையைத் தடவியபடி கேட்டுக்கொள்வார்.

உண்மை வேறு. அந்த வீட்டில் பிறந்த அத்தனை பேருக்கும் பல்லில் காவி. வேப்பங்குச்சிக்கும் போகாது, சாம்பலுக்கும் போகாது. அவருடைய அப்பாவுக்கு இருந்தது, அவருக்கும் இருக்கிறது. வம்சக் குறை என்றே நம்பினார். வம்சக் குறையை வெளியில் சொல்வாருண்டா?

அன்று காலை அவர் கிணற்றடியில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. மதுரையிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்த டாக்டரம்மா கண்ணாடிப் புட்டிகளோடு இறங்கினார்.

"ஐயா, உங்க கிணத்துல ஒரு புட்டி தண்ணி எடுத்துக்கிறோம். பிள்ளைங்க பல்லையும் பார்க்கணும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைங்க."

"எங்க தாத்தா வெட்டுன கெணறு இது. தண்ணிக்கு என்ன கொறச்சலக் கண்டீக?"

"கிணத்தைக் குத்தம் சொல்லலைங்க. பூமிக்குள்ள சில பாறையில ஃப்ளூரைடுன்னு ஒரு உப்பு இருக்கு. அது தண்ணியில அதிகமாக் கரைஞ்சிருந்தா, பல்லு உருவாகிற வயசுல அதைக் குடிக்கிற பிள்ளைங்களுக்குப் பல்லு பழுப்பாயிரும். வருஷக்கணக்காக் குடிச்சா எலும்பையும் கெடுக்கும்."

சங்கரபாண்டியன் முதுகை நிமிர்த்தினார். "எங்க வீட்டுப் பிள்ளைக யார் முன்னாலயும் வாயத் தொறக்காது. வந்த வழியப் பார்த்துப் போங்கம்மா."

ஜீப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனது. அடுத்த மாதம் காரியாபட்டியிலிருந்து மகள் செல்லக்கிளியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பல்லில் நோய் உள்ள குடும்பம் என்று பேர் கிளம்பிவிட்டால் அவள் கதி என்ன?

அந்த நேரத்தில் மாட்டுத் தரகர் நல்லகண்ணு வந்தார். செவலைக்காளையை விற்பதாக ஏற்கெனவே பேச்சு. தொழில் வழக்கப்படி அவர் காளையின் வாயைப் பிளந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார்.

"என்ன அண்ணாச்சி, மாட்டுக்கு வெத்தல பாக்குக் குடுத்தா வளத்தீக?"

சங்கரபாண்டியன் எட்டிப் பார்த்தார். பல் வரிசை முழுக்கப் பழுப்பு. செவலை அவர் வீட்டுத் தொழுவத்தில் பிறந்த கன்று. வயதறிய அதன் வாயைப் பார்க்கும் அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. பக்கத்தில் நின்ற மயிலைக்காளையின் வாயைப் பிளந்தார். பல்லெல்லாம் முளைத்த பிறகு சந்தையில் வாங்கிய மாடு அது. பல் சோழிபோல் வெள்ளையாக இருந்தது.

குடத்தோடு வந்த செல்லக்கிளி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏய்யா, அப்ப இந்தச் செவலையும் நம்ம வம்சந்தானா?"

"ஒங்க பெரியத்த சாடை கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது" என்றாள் அவள் தாய் பெத்தம்மாள்.

நல்லகண்ணு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சங்கரபாண்டியனுக்குக் கோபம் வரவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பெத்தம்மாள் பந்தல்குடியில் பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இத்தனை வருடம் இதே தண்ணீரைக் குடித்தும் அவள் பல் வெள்ளை. வளரும் வயதில் குடித்தவர்களுக்குத்தான் காவி; மாடானாலும் மனிதரானாலும். அந்த டாக்டரம்மா சொன்னதும் அதுதானே!

"பெத்தம்மா, வீட்டுச் சின்னஞ்சிறுசுகளப் பூராவும் கூட்டிக்கிட்டு வா" என்றவர், மகளின் குடத்தில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பித் தாமே தோளில் ஏற்றிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் டாக்டரம்மா திகைத்தார். "ஒரு புட்டி போதும்யா!"

"எங்க வீட்டுல குடுத்தா கொடத்தோடதான் குடுப்போம். மொதல்ல என் பல்லப் பாருங்க." ஊரார் பார்க்க அவர் வாயைத் திறந்தார்.

சோதனை முடிவு வந்தது. கிணற்றில் அந்த உப்பு மிக அதிகம். மழைநீர் சேரும் ஊருணியில் குறைவு. ஏறிய காவி இனிப் போகாது, பிறக்கும் பிள்ளைகளைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து ஊருணித் தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சித்தான் அந்த வீட்டில் குடித்தார்கள்.

பெண் பார்க்க வந்த அன்று, பலகாரத்துக்கு முன்பே சங்கரபாண்டியன் பேசினார். "எம் மக பல்லுல காவி இருக்கு. தண்ணியில வந்தது, ரத்தத்துல வந்ததில்ல. சொல்லாம முடிக்க மனசு வரல."

மாப்பிள்ளையின் தாய் ஆவுடைத்தாய் பெருமூச்சு விட்டாள். "அம்புட்டுத்தானா? நீங்க தொண்டையச் செருமவும் நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். எங்க ஊருத் தண்ணியையும் அந்தம்மாகிட்டக் குடுத்துப் பாக்கணும். பேரன் பேத்தி வரப் போகுதுல்ல!"

செல்லக்கிளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கத்தில் கை வாய்க்கு ஏறியது.

"கைய எடு தாயி" என்றார் சங்கரபாண்டியன். "தலைமுறை தலைமுறையா வாயப் பொத்திக்கிட்டு, பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணியவே ஊத்திட்டோம். கொறையச் சொன்னாத்தான் அதுக்கு வழி பொறக்கும். வழி தேடுற குடும்பத்துக்குத்தான் கௌரவம். மூடி வைக்கிற குடும்பத்துக்கு இல்ல."

செல்லக்கிளி கையை இறக்கினாள். அந்த வீட்டில் பிறந்த ஒரு பெண்ணின் சிரிப்பை முதல்முறையாகக் கண்ணாலும் பார்க்க முடிந்தது.