இடுப்பில் கட்டிய பீரோப் பட்டை

இப்போதெல்லாம் ஒரு மனிதன் நிம்மதியாக முதுகு வலிக்கிறது என்று சொல்லக்கூட முடிவதில்லை. சொன்ன மறுநொடி, கேட்டவன் டாக்டராகிவிடுகிறான். மாடிவீட்டுக்காரன் செல்போனை நீட்டி, தலைகீழாகத் தொங்கும் எவனையோ காட்டுகிறான். எதிர்வீட்டுக்காரி அசையாமல் மல்லாந்து கிட என்கிறாள். இவர்களில் ஒருத்தராவது ஆயுசில் ஒரு பீரோவைத் தூக்கியிருப்பாரா என்பதுதான் பீரோக்காரரின் கேள்வி.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைத் தூக்குவது அவர் தொழில். படியில் பீரோ இறங்கும்போது கீழ்ப்பக்கம் பிடிப்பவன்தான் கூட்டத்துக்குத் தலைவன்; பாரமும் அவன்மேல், 'மெதுவா, இடது, நில்' என்கிற அதிகாரமும் அவனுக்கே. அந்தக் கீழ்ப்பக்கத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. போன மாதம் ஒரு துணி மூட்டையைக் குனிந்து எடுத்தபோது (பீரோகூட இல்லை, மூட்டை, அந்த அவமானம் வேறு) இடுப்பில் சுரீரென்று பிடித்து, வலி இடது கால் வழியாகக் குதிகால்வரை இறங்கியது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், டிஸ்க் விலகியிருக்கிறது, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், பிசியோவைப் பாருங்கள் என்றார்.

விலகிய பொருளை என்ன செய்வதென்று அவருக்கா தெரியாது? வண்டியில் பீரோ நகராமலிருக்கக் கட்டும் பட்டையை இடுப்பில் சுற்றி, கூடவே பாரம் தூக்கும் மருமகனை முட்டி கொடுத்து இறுக்கச் சொல்லி, மல்லாந்து படுத்துவிட்டார். நாட்கள் போயின, வலி போகவில்லை. பட்டை நல்ல பட்டை, டிஸ்க்தான் சரியில்லை என்று முடிவுகட்டினார்.

நாளைக்கு நாலாம் மாடியிலிருந்து ஒரு தேக்கு பீரோ இறங்க வேண்டும். "பிசியோ சரின்னு சொன்னாத்தான் நீங்க கீழ்ப்பக்கம் மாமா. இல்லேன்னா நான்," என்று மருமகன் கறாராகச் சொல்லிவிட்டான். அந்த ஒரு 'சரி'யை வாங்கத்தான் அவர் பிசியோவிடம் வந்திருந்தார்.

பிசியோ அவர் மகளைவிடச் சின்னப் பெண். சட்டையைத் தூக்கச் சொன்னவள், பட்டையை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"என்னங்கய்யா இது?"

"பட்டை. பீரோவுக்குக் கட்டுறது. ஒரு நாளும் அறுந்ததில்ல."

அவள் அதை அவிழ்த்துக் கையில் கொடுத்தாள். "கட்டி உள்ள தள்றதுக்கு டிஸ்க் என்ன டிராயராய்யா? ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை அது. உறை கிழிஞ்சு, உள்ள இருக்கிற கூழ் பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை அழுத்துது. அதான் கோளாறு இடுப்புல, வலி கால்ல. பெரும்பாலும் தானாவே வத்திரும்."

"தானாவே வத்துறதுக்கு நீ எதுக்கும்மா?"

அவள் சிரித்தாள். "ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்கா?"

"நான் முதுகைக் காட்ட வந்தேன்."

"கேட்டே ஆகணும். ஒண்ணுக்கு அடைச்சுக்கிட்டாலோ, அடக்க முடியாமப் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியலேன்னாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

"பாதத்தைத் தூக்க முடியலேன்னா எப்படி ஓடுறது? அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப படுக்கையை விட்டு எழுந்திரிங்க. கொஞ்சம் கொஞ்சமா நடங்க. ரொம்ப நேரம் ஒரே இடத்துல உக்காராதீங்க. பாரம் இப்ப கூடாது. அப்புறம் எப்படித் தூக்குறதுன்னு நானே சொல்லித் தரேன்."

தூக்கச் சொல்லித் தருகிறாளாம்! மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பைத் தவிர எதையும் தூக்கியறியாத கை.

"நாளைக்கு ஒரே ஒரு பீரோ," என்றார், குரலை இறக்கி. அந்தக் குரலில் அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

"வேண்டாங்கய்யா. இப்ப பொறுத்துக்கிட்டா மறுபடி தூக்கலாம். அவசரப்பட்டா இன்னும் இழுத்துக்கும்."

"நடந்தா வலி போகும்னா தபால்காரனுக்கு முதுகுவலியே வரக்கூடாது!" பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

வாசலில் மருமகன் வண்டிக் கதவைத் திறந்தான். "ஏறுங்க மாமா."

"உன் வண்டியும் வேண்டாம், நீயும் வேண்டாம்."

பிசியோவைத் திட்டியபடி மருந்துக்கடையைத் தாண்டினார். டாக்டரைத் திட்டியபடி பள்ளிக்கூடத்தை. மாடிவீட்டுக்காரனைத் திட்டியபடி பேருந்து நிறுத்தத்தை. வண்டி பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது.

"மாமா, வரும்போது என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்க. இப்ப கால் வலிக்கலையா?"

நின்று யோசித்தார். வலி இருந்தது. ஆனால் குதிகாலை விட்டு முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது.

"இத்தனை நாள் பட்டையை இறுக்கினது இப்பத்தான் வேலை செய்யுது," என்றார். பிறகு அதை வண்டி ஜன்னல் வழியே உள்ளே எறிந்தார். "பட்டை ஒண்ணுதான் இருக்கு. பீரோவுக்குக் கட்டினா என் இடுப்புக்கு இல்ல. அதனால நாளைக்கு மட்டும் கீழ்ப்பக்கம் நீ பிடி. டிராயரைக் கழட்டாமத் தூக்கினே, தொலைச்சுடுவேன்."

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னதை நம்புறீங்களா?"

"ஒரு மூட்டை தூக்காதவ பேச்சையா?"

வண்டி நுழைய முடியாத சந்துக்குள் திரும்பி நடந்தார். வீட்டுக்கு அது சுற்று வழி.